நடு ஹாலில் காணாமல் போன சுரம்

அக்கா இரண்டு சப்வூஃபர்களை, அதாவது அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டிகளை, வாங்கி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். வீடுகளிலும் அரங்குகளிலும் ஸ்பீக்கர் பொருத்துவது என் பிழைப்பு. "அவர் இனிமே வாசிக்கப் போறதில்லையாம்டா. கேக்கறதையாவது நல்லாக் கேக்கட்டும்" என்றாள்.

அத்தான் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவர். மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்தபின் ஒரே ஒரு கச்சேரிக்குப் போனார். அதன் பதிவைச் சோபாவில் உட்கார்ந்து கேட்டபோது, தடித்த தந்தியின் சுரங்கள் மட்டும் சத்தே இல்லாமல் வந்தன. விரலில் பலம் போய்விட்டதென்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். கிடார் பீரோ மேல் ஏறிவிட்டது. வேறு ஆள் பாருங்கள் என்று குழுத் தலைவரிடம் அன்று மாலை சொல்லிவிடப் போகிறாராம். பிடிவாதத்துக்கு ஒரு போட்டி வைத்தால் மனுஷன் பரிசோடுதான் வருவார்.

ஒரு சப்வூஃபரை டிவி பக்கம் வைத்தேன். சோபாவில் அவர் தலை இருக்கும் இடத்தில் மைக்கை நிறுத்தி, லேப்டாப்பிலிருந்து சோதனை ஒலியை ஓடவிட்டேன். அடியில் உறுமத் தொடங்கி உச்சியில் கீச்சென்று முடிந்தது. அத்தான் சுவரோரம் நின்று, "ரூமுக்கு ஈசிஜி எடுக்கறியா மாப்ள?" என்றார்.

மைக்குக்கு எட்டிய ஒலியின் கோடு திரையில் ஓரளவு சமமாகத்தான் போனது. அடித்தொனிப் பக்கம் மட்டும் கிணறு வெட்டியதுபோல் ஒரு பள்ளம். மென்பொருளில் அந்த இடத்தைத் தூக்கிவிட்டேன். பெட்டி தடதடத்தது, ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. சோபாவில் மட்டும் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. தூக்கியதை எடுத்துவிட்டு, பள்ளத்தில் விழுந்த அந்த ஒரே ஒலியை மட்டும் விடாமல் ஒலிக்கவிட்டு எழுந்து நடந்தேன்.

சோபாவில் அநேகமாக ஒன்றுமே இல்லை. பின்சுவரை நோக்கிப் போகப் போக ஒலி பருத்து, நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது. திரும்பி வந்தேன், கரைந்துபோனது. சுவரில் மோதித் திரும்பும் அலையும் எதிரே வரும் அலையும் நடுவில் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று வாடிக்கையாளர்களிடம் கிளிப்பிள்ளை மாதிரி நான் சொல்வதுதான். ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரே அறை, ஒரே ஒலி, இங்கே இருக்கிறது, நாலடி தள்ளி இல்லை!

கட்டுப் போட்ட கையோடு இருந்தவருக்கு டிவி கிட்டத்தில் இருக்கட்டும் என்று, பின்சுவரோரம் கிடந்த சோபாவை அக்காதான் சரியாக நடு ஹாலுக்கு இழுத்துப் போட்டிருந்தாள்.

அத்தானின் முகத்தில் நக்கல் போயிருந்தது. சுவரோரத்துக்கும் சோபாவுக்கும் குழந்தை மாதிரி நடந்து நடந்து பார்த்தார்.

"மாப்ள, இது என் தடிச்ச தந்தி. எதையும் அழுத்தாம மீட்டினா வர்ற சுரம்."

இரண்டாவது சப்வூஃபரைப் பின்சுவரோரம், முதலாவதற்கு நேர் எதிரே வைத்து மறுபடி அளந்தேன். இரண்டும் சேர்ந்து பள்ளத்தைத் தூர்த்துவிட்டன. மிச்சமிருந்த சின்ன மேடுகளை மென்பொருள் செதுக்கிக்கொண்டது. சோபாவை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல் அவரை அதே இடத்தில் உட்காரவைத்து, அதே கச்சேரிப் பதிவைப் போட்டேன்.

முதல் சுற்றிலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு சுரமும் கனமாக, உருண்டையாக, அதனதன் நேரத்தில் வந்து நின்றது. பாட்டு முழுவதையும் அந்த விரல்கள்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தன. எத்தனையோ அரங்குகளில் ஒலி அமைத்திருக்கிறேன், அன்றுபோல் என் கண் கலங்கியதில்லை. அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அத்தான் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றார் மெதுவாக.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். உதவப் போன என்னைத் தள்ளிவிட்டு, முறிந்த கையாலேயே கிடாரை இறக்கினார். அவர் சோபாவில் அமர்ந்து பதிவோடு சேர்ந்து மீட்டத் தொடங்கியபோது போன் அடித்தது. குழுத் தலைவர்தான் என்றாள் அக்கா.

"ஒத்திகைக்கு வர்றேன்னு சொல்லு" என்றார் அத்தான், தலை நிமிராமல். "இப்போ வாசிச்சிட்டிருக்கேன்."