வயோலா அழுத இடம்

ஒரகடத்து கார் ஸ்பீக்கர் கம்பெனியில் முத்துச்செல்விக்கு வேலை, காதால் குறை கண்டுபிடிப்பது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் முதலில் கம்ப்யூட்டர் ஓர் ஊதல் சத்தம் போடும். அது அடியிலிருந்து கிளம்பிக் கீச்சென்று உச்சிக்கு ஏறும். அடுத்து, கார் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய இசைத்தட்டில் ஒரு நிமிடம். ஹங்கேரிக்காரர் ஒருவர் கடைசிக் காலத்தில் எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா இசையும், வயலினுக்கு அண்ணன் மாதிரியான வயோலாவின் இசையும் அதில் இருந்தன. இரண்டு வருடமாக நாளைக்கு முந்நூறு தடவை கேட்டதில், வயோலாக்காரர் எங்கே மூச்சு இழுக்கிறார் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

திங்கட்கிழமை வந்த புதுச் சரக்கு லாட்டில், வயோலா கீழே இறங்கும்போதெல்லாம் கரகரத்தது. நாற்பது ஸ்பீக்கரைச் சிவப்புத் தொட்டியில் போட்டாள். அந்த லாட்டில் ஸ்பீக்கர் ஒட்டும் பசையை மலிவானதாக மாற்றிய புண்ணியவான் தர மேலாளர் இனியவன், இசைத்தட்டின் உறையும் கையுமாக ஓடிவந்தார். அதன் பின்பக்கத்தைப் படித்துவிட்டதால் அவர் இப்போது சங்கீத மேதை.

"இன்னாம்மா, இதெல்லாம் ரிஜெக்டா? அது கரகரப்பு இல்ல, ஃபீலிங்கு. சாகப்போற மனுசன் எழுதுனது. வயோலா அப்டித்தான் அழுவும். கொட்டு மேளம் கேட்ட காதுக்கு இன்னா புரியும்?"

"பழைய லாட்டுல இதே எடத்த ஒருக்கா கேளுங்க சார். அதுல அழல."

"எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? பாஸ் போடு. உன் பர்மனென்ட் லெட்டர் என் டேபிள்லதான் கீது."

அந்தக் கடிதத்துக்காகத்தான் விளாத்திகுளத்திலிருந்து வந்து, ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்துக்கிடக்கிறாள். அதைக் காட்டி மிரட்டியதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி சார். நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்று பொத்தானை அழுத்தினாள்.

இனியவன் கண்ணை மூடிக்கொண்டார். கை காற்றில் மிதந்தது.

"ஆகா! எப்டி அழுவுது பாரு, வயோலா!"

அவள் போட்டது ஊதல் சத்தம். அது கீச்சென்று உச்சிக்குப் போய் நின்றது. அடுத்த மேசைக் காந்திமதி வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. லைன் முழுக்கச் சிரித்தது.

ஷிஃப்ட் முடிந்ததும் இனியவன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று வேலை நிரந்தரக் கடிதம். மற்றது அவள் பெயரில் அவரே அடித்த விளக்கம்: 'கவனக்குறைவால் வேறு சத்தத்தைப் போட்டேன். கவனக்குறைவால் நாற்பது ஸ்பீக்கரைக் கழித்தேன்.'

"இதுல சைன் போடு. லெட்டர எடுத்துகினு போ. அந்த நாப்பதும் நாளைக்கு லாரி ஏறணும்."

இந்த ஆளுக்கா இரண்டு வருடம் பயந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை எடுத்தாள். முதல் 'கவனக்குறைவால்' அடிபட்டு 'தெரிந்தே' ஆனது. இரண்டாவது 'காதால் கேட்டு' ஆனது. கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுக்கு அப்பறம் உனக்கு இங்க வேலை கிடையாது, தெரியும்ல?"

"தெரியும் சார். அந்த ஊதலக் கண்ண மூடிக் கேட்டீங்க. இதக் கண்ணத் தொறந்து படிங்க."

நிரந்தரக் கடிதத்தை அவள் தொடவே இல்லை.