பொதுச் சுவர்

“எங்க ஊட்டுச் சத்தம் உங்களுக்குக் கேக்குதா ஜாஸ்லின்?”

பக்கத்து வீட்டு துர்கா அக்கா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இதைக் கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பாவாடையை உதறினாள். உதறிய பிறகும் உதறிக்கொண்டிருந்தாள்.

நான் சட்டென்று பதில் சொல்கிறவள் இல்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். மற்றவர்கள் சிரிப்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். ஆனால் அன்றைக்குத் தலையாட்டினேன்.

“எவ்ளோ கேக்குது?”

“எல்லாம்.”

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். “நல்லதா போச்சு” என்றாள். “அடுத்த வாட்டி கேட்டா செவுத்த நல்லா தட்டிடு. நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்னா அந்த ஆளுக்கு ஒதறல் எடுத்துடும்.”

சாரம் பகுதியில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே ஆள் கட்டி வாடகைக்கு விட்டவை. செலவை மிச்சம் பிடிக்க இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான் எழுப்பியிருந்தார், அதுவும் ஒற்றைச் செங்கல் கனத்தில். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடினால் இந்தப் பக்கம் சட்னி என்று அம்மா சொல்லிவிடுவாள்.

துர்கா அக்காவின் கணவர் கமலக்கண்ணனைத் தெருவில் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர். குடிக்க மாட்டார், சிகரெட் கிடையாது. தெருவிளக்கு எரியாவிட்டால் முனிசிபாலிட்டிக்குப் போன் போடுவது அவர்தான். வீட்டுக்குள் அவர் அடிக்கும்போதுகூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அக்காவின் குரல்தான் கேட்கும்.

நான் அம்மிக் குழவியை எடுத்துச் சுவரில் தட்டுவேன். அந்தப் பக்கம் உடனே அமைதியாகிவிடும். கொஞ்ச நேரத்தில் டிவி போடும் சத்தம் வரும். மறுநாள் மாடியில் பார்த்தால் அக்கா எதுவும் பேசாமல் முறுக்கோ அதிரசமோ ஒன்றை என் கையில் வைப்பாள்.

“ஒங்கப்பா கிட்ட சொல்லக் கூடாதாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சொன்னா அருவாளோட வந்து நிப்பாரு. வெட்டிட்டு ஜெயிலுக்குப் போவாரு. வேணாம்.”

அவளுடைய அப்பா தெய்வசிகாமணிக்குத் திருக்கனூர் பக்கம் கொஞ்சம் கரும்பு நிலம். மாதாமாதம் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வருவார். திரும்பும் வழியில் மகளைப் பார்ப்பார். என்னைக் கண்டால், “இன்னா ஊமச்சி, இன்னிக்காவது ஒரு வார்த்த பேசுவியா, இல்ல காசு போட்டாதான் பேசுவியா?” என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். பெரிய மீசையும் பெரிய கைகளும். அந்தக் கையில் அரிவாளை என்னால் எளிதாக நினைத்துப் பார்க்க முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் என் அண்ணன் ஜூலியன் வீட்டிலேயே ஸ்டூடியோ கட்டப்போவதாகச் சொன்னான்.

அவன் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று பாக்ஸ் தூக்கித் தோள்பட்டை இறங்கிவிட்டது என்பான். பங்குக் கோயிலின் பாடகர் குழு தவக்காலப் பாடல்களை அவனிடமே பதிவு செய்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அது நன்றாக வந்தால் மற்ற பங்குகளும் வரும். வீட்டில் இருந்த கூடுதல் அறை ஒன்றுதான். பொதுச் சுவர் ஓடுகிற அறை. நான் குழவியோடு நிற்கிற அறை.

முதலில் கடை கடையாகப் போய் முட்டை அட்டைகளை வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினான். ஒட்டி முடித்த மாலையில் கமலக்கண்ணன் வேலை முடிந்து வந்தவர் எட்டிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“என்னா தம்பி, கோழிப் பண்ணையா?”

“சவுண்ட் ப்ரூப் சார்.”

“இது ரூமுக்குள்ள எதிரொலியதான் கொறைக்கும். வெளிச் சத்தத்த நிறுத்தாது. எங்க கம்பெனில ஜெனரேட்டர் ரூமுக்குப் போட்டிருக்கோம் பாரு, ராக் வூல், அந்த மாதிரி போடணும். மரச் சட்டம் அடிச்சு, நடுவுல வுல்லத் திணிச்சு, மேல ஜிப்சம் போர்டு ரெண்டு அடுக்கு. ஊசி போற சந்து இருக்கக் கூடாது.”

“அதுக்கெல்லாம் நான் எங்க சார் போறது?”

“வுல்லு மிச்சம் கெடக்குது. கேட்டு வாங்கித் தரேன். நம்ம புள்ள முன்னுக்கு வர்றதுன்னா செய்ய மாட்டோமா?”

ஜூலியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கமலக்கண்ணன் போகும்போது பொதுச் சுவரை விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ரொம்ப மெல்லிசு” என்றார்.

அந்த வாரம் முழுவதும் அவரே வந்து நின்று வேலை வாங்கினார். மஞ்சள் நிறக் கம்பளிபோல் இருந்த அந்த வூல் கையில் பட்டால் அரிக்கும். அவர் கையுறை மாட்டிக்கொண்டு சட்டங்களுக்கு நடுவே அதைப் பொறுமையாக அமுக்கினார். சுவரில் ஒரு பிளக் பாக்ஸ் இருந்தது. அதே இடத்தில் அவர்கள் வீட்டுப் பக்கமும் ஒன்று இருந்தது. இரண்டும் முதுகோடு முதுகாக இருப்பதால் அது வழியாகச் சத்தம் கசியும் என்று கண்டுபிடித்து, எங்கள் பக்கத்துப் பெட்டிக்குள் வூலை அடைத்து, மேலே மக்குப் பசை பூசி மூடியவரும் அவர்தான். தன் வீட்டுச் சுவரில்கூட ஒருவர் இவ்வளவு அக்கறை காட்ட மாட்டார்.

இரண்டாம் நாளே நான் அண்ணனிடம் சொன்னேன். சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

“ண்ணா, துர்காக்காவ அவரு அடிக்கிறாரு. செவுர மூடிட்டா கேக்காது.”

ஜூலியன் ஸ்க்ரூவை வாயில் கவ்வியபடி என்னைப் பார்த்தான். எடுத்துவிட்டுச் சொன்னான்: “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்தச் சத்தம் பாட்டுல வந்தா என்னா பண்றது சொல்லு. நான் அவரு பொண்டாட்டிய காப்பாத்தவா கட்டறேன்?”

“ஜூலியா” என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. அவனை அதட்டுகிறாள் என்று நினைத்தேன். “மெல்லப் பேசு, அந்தப் பக்கம் கேக்கப் போவுது” என்றாள்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தார்கள். அண்ணனும் கமலக்கண்ணனும் எங்கள் அறைக்குள் நின்று, ரப்பர் வைத்த கதவை இழுத்து மூடிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் துர்கா அக்கா கத்த வேண்டும். அவளுக்குச் சொல்ல என்னை அனுப்பினார்கள். என் போனில் அண்ணன் லைனில் இருந்தான்.

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவருக்கு எதிரே போய் நின்றாள்.

“என்னான்னு கத்தறது?”

எனக்குத் தெரியவில்லை. போனிலிருந்து ஜூலியன், “ஏதாவது கத்தச் சொல்லுடி, ஏ பி சி டின்னு கத்தச் சொல்லு” என்றான். கமலக்கண்ணன் பக்கத்தில் சிரிப்பது கேட்டது.

அக்கா முதலில் “ஜூலியா” என்று கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். அது பெயரும் இல்லை, வார்த்தையும் இல்லை. எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. நான் போனைக் கையால் இறுக்கி மூடிக்கொண்டேன். அதனால் அந்தச் சத்தம் அண்ணனுக்கு அந்த வழியாகவும் போயிருக்காது.

“கத்தினாங்களா?” என்றான் ஜூலியன்.

“ம்.”

“நெஜமாவா? ஒண்ணுமே கேக்கலடி! சார், சூப்பர் சார்!”

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கேக்கலையாமா?” என்றாள். அவள் திரும்பிப் போய் அரிசியில் கையை விட்டாள்.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஸ்டூடியோவை மந்திரித்தார். அன்று ஜூலியன் கமலக்கண்ணனுக்குச் சால்வை போர்த்தினான். தெருக்காரர்கள் கைதட்டினார்கள். துர்கா அக்கா வரவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், கையில் கட்டு என்று அவரே சொன்னார்.

நான் தட்டிப் பார்க்காமல் இல்லை. ஜிப்சம் போர்டில் குழவியால் தட்டினால் தலையணையில் தட்டுவதுபோல இருந்தது. வாசல் வழியாகப் போய்க் கூப்பிடலாம் என்று ஒரு மாலை அவர்கள் கதவு வரை போனேன். கமலக்கண்ணன் திறந்தார். “என்னாம்மா, சக்கர வேணுமா?” என்றார். தலையாட்டினேன். ஒரு டம்ளர் சர்க்கரையோடு திரும்பி வந்தேன். வரும்போது உள்ளே அக்கா தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கமிருந்த கண் பார்க்க முடியாதபடி வீங்கியிருந்தது.

அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போயிருந்த நாளில் நான் பிளக் பாக்ஸுக்காக போர்டில் வெட்டியிருந்த இடத்தில் அதன் மூடியைக் கழற்றினேன். சமையல் கத்தியால் மக்கைச் சுரண்டினேன். அடைத்திருந்த வூலைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு பையில் போட்டேன். கை எல்லாம் தடித்துச் சிவந்தது. கடைசிக் கொத்தை இழுத்ததும் அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம், பழைய மாதிரியே, பக்கத்தில் கேட்டது. மைக்கை அந்த ஓட்டைக்கு முன்னால் வைத்து, ஜூலியன் செய்வதைப் பார்த்துப் பழகியபடி, பதிவைப் போட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கமலக்கண்ணன் வேலை முடிந்து வந்தார்.

அந்தப் பதிவை நான் ஒரு முறைதான் கேட்டேன். அடிகள் கேட்டன. அக்கா “வேணாம்” என்பது கேட்டது. அவர் குரல் எப்போதும் போலத் தாழ்வாக, பொறுமையாக இருந்தது. “கத்து” என்றார். “இன்னும் கத்து. எவனுக்குக் கேக்குதுன்னு பாப்போம்.”

அடுத்த வாரம் தெய்வசிகாமணி தாத்தா கோரிமேட்டிலிருந்து வந்தார். மஞ்சப்பையில் மாத்திரைச் சீட்டு, எக்ஸ்ரே கவர். மகள் வீட்டுக்குப் போகிற வழியில் முதலில் வருவது எங்கள் வீடு. நான் கேட்டிலேயே நின்றிருந்தேன்.

“இன்னா ஊமச்சி, வாசல்ல நிக்கற? வாய் தொறந்துச்சா?”

“உள்ள வாங்க தாத்தா.”

“அட, பேசிட்டியே! மழதான் வரப்போவுது.”

ஸ்டூடியோவுக்குள் நாற்காலியில் உட்கார வைத்தேன். சுவரையும் போர்டையும் தடவிப் பார்த்து, “மாப்ள ஒத்தாச பண்ணாராமே. தங்கமான மனுசன். இந்தக் காலத்துல எவன் அண்ட ஊட்டுக்காரனுக்குச் செய்வான்?” என்றார். நான் ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டினேன். “பாட்டா?” என்று கேட்டு மீசையை ஒதுக்கிக்கொண்டார். பட்டனை அழுத்தினேன்.

முதலில் சிரித்த முகம் அப்படியே இருந்தது. பிறகு அவர் கண் சுவருக்குப் போனது. என்னைப் பார்த்தது. நான் நிறுத்தப் போனபோது கையைத் தூக்கி வேண்டாம் என்று தடுத்தார். கடைசி வரைக்கும் கேட்டார். அவருடைய பெரிய கைகள் மஞ்சப்பையை முழங்காலில் வைத்துப் பிடித்திருந்தன. எக்ஸ்ரே கவர் நசுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

முடிந்ததும் ஹெட்போனைத் தானே கழற்றி, காதுப் பக்கத்தைத் துண்டால் துடைத்து, மேசைமேல் வைத்தார்.

அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. “அக்காவ கூட்டிட்டுப் போய்டுங்க தாத்தா” என்றேன். “இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க. நீங்க அருவாளோட வருவீங்கன்னு பயப்படறாங்க. அருவாள்லாம் வேணாம். சும்மா கூட்டிட்டுப் போனா போதும். நானும் வரேன், துணியெல்லாம் எடுத்து வெச்சுத் தரேன்.”

அவர் எழுந்தார். கதவின் ரப்பர் பிடித்துக்கொண்டது, நான் இழுத்துத் திறந்துவிட்டேன். வாசலில் செருப்பை மாட்ட அவருக்கு நேரம் எடுத்தது. கால் சரியாக நுழையவில்லை.

துர்கா அக்கா அப்பாவின் குரலை முன்பே கேட்டிருக்க வேண்டும். தன் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு, முந்தானையால் கன்னத்தை மறைத்தபடி, இன்னொரு கையில் காபி டம்ளரோடு வெளியே வந்து நின்றாள்.

“எப்பப்பா வந்த? மாத்தர குடுத்தாங்களா?”

அவர் நின்றார். முந்தானைக்கு மேலே தெரிந்த கண்ணைப் பார்த்தார். காபியைப் பார்த்தார். அவர் வாய் ஒருமுறை திறந்து மூடியது. கமலக்கண்ணனின் பைக் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மஞ்சப்பையை இடுக்கிக்கொண்டு, பைக்குக்கு ஒதுங்கி வழிவிட்டு, பஸ் நிற்கும் ரோட்டை நோக்கி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நடந்தார்.