உறை பிரித்த கட்டில்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். சின்ன அறைக் கட்டிலின் மெத்தையில் பிளாஸ்டிக் உறை இல்லை. புது விரிப்புப் போட்டு ஓரங்களைச் செருகியிருந்தது.

ஜோர்டானின் அம்மான் நகரில் நானும் சுஹாதும் சேர்ந்து குடித்தனம் வைத்தபோது, வருகிறவர்கள் கண்ணுக்காக வாங்கிய கட்டில் அது. இரண்டு பெண்கள், இரண்டு கட்டில். யாரும் வாயைத் திறக்க முடியாது. இத்தனை வருடத்தில் இஸ்திரி போடாத துணிகள்தான் அதில் படுத்திருக்கின்றன.

"யாரு வர்றாங்க?" என்றேன்.

"உங்க அண்ணன். இனிமே நாலு பேர் வந்து போவாங்கல்ல, ருதைனா." சுஹாத் தேநீர்க் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"வெறும் புண்ணுன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க. அதுக்கு எதுக்கு நாலு பேர் வரணும்?"

அவள் கோப்பையைத் திருப்பி மறுபடி துடைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லமாட்டார்கள், வீட்டு ஆம்பளையைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார்கள். என் அம்மா வெறும் வயிற்றுப்புண் என்று நம்பியே செத்துப்போனாள். அவளை அடக்கம் செய்த அன்று, நமக்குள் இந்தக் கூத்து வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவள் சுஹாத்தான்.

சோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா முதலில் கேட்பது, "கல்யாணம் ஆச்சா?" இல்லை என்றால், "அப்ப கர்ப்பப்பை வாய்ச் சோதனை உனக்குத் தேவையில்ல மகளே" என்று அனுப்பிவிடுவார். தப்பித்தோம் என்று இருவரும் எதிர்க்கடையில் குனாஃபா இனிப்பு தின்றுவிட்டு வருவோம். மறைத்து வைத்தால் எதுவும் நம்மை அண்டாது என்று நினைத்திருக்கிறோம், மடச்சிகள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வாரம். அண்ணன் போன் பண்ணாரு."

"ஒரு வாரமா என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு பொய் சொல்லியிருக்கே."

"உன்கிட்ட சொன்னா நான் ஆஸ்பத்திரி ரூமுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாதுன்னாரு. 'நீ அவளுக்கு யாரு'ன்னு கேட்டாரு. நான் என்னன்னு சொல்றது?"

"நல்ல பேரம். என் கர்ப்பப்பை சேதி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

நோய் வந்தது கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. என் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். இவளும் அவனோடு சேர்ந்துகொண்டாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அழைப்புமணி அடித்தது.

"தெரியாத மாதிரியே இரு ருதைனா. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன். தெரிஞ்சுதுன்னா என்னைத் துரத்திடுவாரு."

மணி மறுபடி அடித்தது. சுஹாத் எங்கள் படுக்கையறைக்குள் ஓடி, தன் தலையணையை எடுத்து வந்தாள். அதில் எங்கள் இருவர் தலை மருதாணியும் கறையாக ஊறியிருந்தது. கறைப் பக்கத்தைக் கீழே திருப்பி அந்தச் சின்ன அறைக் கட்டிலில் வைத்தாள். ஒருமுறை தட்டிச் சரிசெய்தாள். பிறகு கதவைத் திறக்கப் போனாள்.