ஒரே தண்டவாளம், ரெண்டு ரயிலு

பச்சியப்பன் பொம்மை ரயில் பெட்டியை இன்ஜினுக்குப் பின்னால் மாட்டியதுமே மனைவி சுகுணா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஜின் கூரை பெட்டியின் சன்னலுக்குத்தான் எட்டியது.

"ஏங்க, டிரைவரு கைப்புள்ள, ஏறுறவனெல்லாம் ராட்சசனா?"

அவன் சிரிக்கவில்லை. தண்டவாளத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சல்லி அள்ளிப்போட்டு இடுப்பொடிந்தவன் அவன். பீடி இல்லை, குடி இல்லை. பெரிய சைஸ் பொம்மை ரயில் சேர்ப்பது ஒன்றுதான் ஆசை. அதுவும் ஆண்டுக்கு ஒரு சாமான்தான் கட்டுப்படியாகும். இந்த ஆண்டின் சாமான் இதோ, பொருந்தாமல் நிற்கிறது.

தப்பு அவன் மேலும் உண்டு. தண்டவாள வேலைக்காரன் கண் கம்பியை விட்டு மேலே ஏறாது. கடையிலும் குனிந்து சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள அகலத்தைத்தான் அளந்தான். இன்ஜினோடு கச்சிதமாக இருந்தது. ஆனாலும் "ரெண்டும் ஒரே ஸ்கேலா?" என்று வாய்விட்டுக் கேட்டானே! "எல்லாம் ஒண்ணுதாண்ணா, கண்ண மூடிட்டு மாட்டுங்க" என்றது யார்?

மறுநாள் இரண்டையும் சாக்கில் போட்டுக்கொண்டு, இண்டூரில் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போனான். பெட்டியை விற்ற பழைய சாமான் கடைக்காரன் மாதவராஜின் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"ஓடுதா இல்லியாண்ணா? ஒரே தண்டவாளத்துல ஓடுதில்ல?" என்றான் மாதவராஜ்.

"எருமையும் ஆடும் ஒரே பாதையிலதான் போவுது. ஒரே ஏர்ல பூட்டுவியா?"

டேபிள் ஃபேன் பார்க்க வந்தவர் பக்கென்று சிரித்துவிட்டார். பச்சியப்பன் இரண்டையும் கவிழ்த்து அடியில் இருந்த பொடி ஸ்கேல் எண்ணைக் காட்டினான். இன்ஜின், அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பெட்டி, இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. மாதவராஜின் முகம் சுண்டியது.

"சரி, இன்ஜின என்கிட்ட தள்ளிடுங்க. மேல கொஞ்சம் போட்டா பெரிய இன்ஜின் தரேன். இருபத்திரண்டரதான் பழசுல நெறய வரும். முப்பத்திரண்டுன்னா காத்துக் கெடக்கணும்."

பச்சியப்பன் இன்ஜினைப் பார்த்தான். மலிவு இருபத்திரண்டரைப் பக்கம்தான் இருந்தது. மாதவராஜ் சொன்னது பொய்யில்லை. ஆனால் இருபத்திரண்டரை மீட்டர்கேஜ் என்னும் சின்ன லைன் வண்டி. பச்சியப்பன் நித்தம் சல்லி போடும் பெரிய லைனுக்குக் கிட்டத்தில் வருவது முப்பத்திரண்டுதான். ஏமாற்றினவன் கையிலிருப்பது எதுவோ அதுவே ஏழையின் ஆசையாகிவிட வேண்டுமா?

"காத்துக் கெடக்குறேன். எனக்கு முப்பத்திரண்டுதான். பெட்டிய எடுத்துக்கிட்டுக் காசக் குடு."

"வித்த சாமான் திரும்ப எடுக்கிறதில்லீங்கண்ணா."

"பொய் சொல்லி வித்தது வித்ததா?"

ஃபேன்காரரும் ஃபேனைக் கீழே வைத்துவிட்டு, "குடுத்துடப்பா, இங்க ஃபேன் வாங்க எனக்கே பயமாருக்குது" என்றார். மாதவராஜ் முணுமுணுத்தபடி கல்லாவைத் திறந்து காசைக் கொடுத்தான்.

காசு வந்தும் பச்சியப்பனின் கோபம் இறங்கவில்லை. கடைப் படியில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டான்.

"இன்னும் என்னாங்கண்ணா?"

"ரயிலு சாமான் ஒவ்வொண்ணுலயும் ஸ்கேல் எழுதி ஒட்டு. அடுத்தவன் ஏமாறக் கூடாது. ஒட்டுற மட்டும் நான் ஏந்திரிக்க மாட்டேன்."

மாதவராஜ் பேனா தேடி எடுத்து எழுத ஆரம்பித்தான். மூன்றாவது பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இதுல நெம்பரே இல்லீங்கண்ணா. எனக்கும் தெரியல."

"தெரியலன்னே எழுது."