கம்பம் நின்ற பக்கம்

தேவதர்ஷினியின் பையை அவளுக்குப் பெரியப்பா முறையான அம்மாசிதான் சுமந்து வந்தான். வேண்டாம் என்று அவள் இரண்டு முறை பிடுங்கப் பார்த்தாள், அவன் விடவில்லை. கரியாலூர் பேருந்து நிறுத்தத்தில் இப்போது அவனும் அவளும் மட்டும்தான். அவளுடைய அம்மா மூக்காயி, பன் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பெண் திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறாள். கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய பெண். அது யாரால் கெட்டது என்று தனக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் அம்மாசியை ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்தது.

போன வருடம்தான் பள்ளிக்கூடத்துக்கு வேகமான நெட் வந்தது. பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர், பெரிய சார், மூச்சு விடாமல் பேசினார். "இனிமே ஒரு அப்ளிகேசன் போட ஒரு நாள் கூலிய வுட்டுட்டு கள்ளக்குறிச்சிக்கு ஓட வேணாம். பசங்க இங்கயே போட்டுக்கும். ஒரு புள்ள படிச்சி வேலைக்குப் போனா அந்த வூடே மேல வந்துடும்." எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் அம்மாசி. அவன் மகள் ஷாலினி அந்த நெட்டில்தான் பத்தே நிமிடத்தில் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். தேவதர்ஷினியும் அவளும் ஒரே பெஞ்சு. ஆனால் தேவதர்ஷினிக்குச் சாதிச் சான்றிதழ் இழுத்தடித்து, கடைசி நாள் காலையில்தான் கைக்கு வந்தது.

அதே காலையில் அம்மாசி சாமை விதைப்புக்காகக் கொல்லையில் காய்ந்த புல்லைக் கொளுத்தினான். தெரியாத வேலையா? பங்காளியின் ஆமணக்கு இருந்த பக்கம், பலா நின்ற பக்கம், வைக்கோல் போர் இருந்த பக்கம் என்று மூன்று பக்கமும் தீ தாண்டாமல் இருக்கத் தரையைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டான். நான்காவது பக்கம் வெறும் இரும்புக் கம்பம். இரும்பு எரியுமா என்ன என்று விட்டுவிட்டான். கம்பத்திலிருந்து தொய்ந்து கிடந்த கறுப்பு ஒயரை அவன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. காற்று திரும்பியது. ஒயர் உருகி அறுந்து விழுந்தது.

பள்ளியில் நெட் செத்துப்போனது. அந்த மலையில் போன் சிக்னல் எட்டிப் பார்ப்பதோடு சரி. தேவதர்ஷினி பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தேதியை நீட்டிப்பார்கள் என்றார்கள், நீட்டிக்கவில்லை. விசாரிக்க வந்த பெரிய சாரிடம் அம்மாசி வாய் கூசாமல் சொன்னான். "டூரு வந்த பசங்க சிகரெட்ட போட்டுட்டுப் பூட்டானுங்க சார்." வனத்துறை கேஸ் போடுமோ என்ற பயம் ஒரு பக்கம். மூக்காயி முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அதைவிடப் பெரிது.

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. இப்போது விட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"தர்ஷினி, அந்த நெட்டு ஒயரு... டூரு பசங்க இல்லம்மா. நான்தான்."

அவள் திடுக்கிடவில்லை. "தெரியும் பெரிப்பா. நீங்க கொளுத்துனத பாத்துட்டு அன்னைக்கி சாயந்தரமே ஷாலினி சொல்லிடுச்சி. 'எங்கப்பாவ கேஸுல போட்டுடுவாங்க, யாராண்டயும் சொல்லாத'ன்னு அழுதுகினே இருந்துச்சி. எங்கம்மாவாண்ட கூட நான் சொல்லல." பிறகு கையை நீட்டினாள். "இன்னா பெரிப்பா இப்டியே நிக்கறீங்க? பைய குடுங்க, பஸ்ஸு வந்துச்சி."

மூக்காயி ஓடி வந்து ஜன்னல் வழியாகப் பன்னைத் திணித்தாள். பஸ் போன பிறகு, "நீங்க இருக்கறதால எனக்கு ஒரு தெம்பு மாமா" என்றாள். அம்மாசி வீட்டைப் பார்த்து நடந்தான்.

வீட்டில் ஷாலினி விடுதிக்குக் கொண்டுபோகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து தட்டில் களி வைத்தாள். இந்த ஒரு மாதமும் இதே கைதான் வைத்தது. அவளிடம் தான் மறைப்பதாக நினைத்துக்கொண்டு, அவன்தான் தலை குனிந்தே சாப்பிட்டிருக்கிறான்.

"ஏறிட்டாளாப்பா?"

"ம்."

"எதுனா சொன்னாளா?"

அம்மாசி களியில் விரலால் குழி பறித்தான். ஷாலினி குழம்புக் கரண்டியைத் தட்டுக்கு மேலே பிடித்தபடி, ஊற்றாமல் நின்றாள்.