ஓடாத களை மெஷின்

கோபம் வந்தால் சம்பத்துக்குக் கண் தெரியாது, காது கேட்காது. கை மட்டும் நன்றாக வேலை செய்யும். அவனிடம் அடி வாங்காத சொந்தக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தம்பி வசந்த் அந்தச் சிலரில் ஒருவன்.

களையெடுக்கும் மெஷினை வேலூரில் வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை அது. கடையில் ஒரே இழுப்பில் கிளம்பிய மெஷின். வீட்டு வாசலில் பூசணிக்காய் உடைத்து, கைப்பிடி, சக்கரம், பெட்ரோல் டேங்க் மூடி என்று ஓரிடம் விடாமல் சம்பத்தே சந்தனத்தை அப்பி, பொட்டு வைத்து, கொல்லை நிலத்துக்குத் தள்ளிப் போனான். வேர்க்கடலைக்கு நடுவே இரண்டு சால் ஓடியது, செருமியது, நின்றேவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம். வரப்பில் வேடிக்கை பார்க்க நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விஷயம் கேட்டு வசந்த் வந்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மெஷினில் வேலை. மெஷின் பாஷை தெரிந்தவன். நிலத்தை அளந்து பிரித்துக்கொள்ளலாம் என்று போன மாதம் அவன் வாய்விட்டுக் கேட்டதிலிருந்து சம்பத் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தும் வந்தான்.

டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தான். மூடினான். கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை இழுத்தான். உடனே கிளம்பியது.

"ஓட்டுணா," என்று வரப்பேறினான். மூன்றாவது சாலில் மெஷின் நின்றது. மறுபடி வசந்த் இறங்கினான், மூடியைத் திறந்து மூடினான், இழுத்தான், ஓடியது. மறுபடி நின்றது.

"தம்பி தொட்டாத்தான் ஓடும் போலக்கீதே சம்பத்து!" என்றான் வரப்பில் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

சம்பத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாடா போட்ட உள்ள? சக்கரையா, மண்ணா?"

"நான் இன்னாணா போடப்போறேன்? பிளக்கக் கழட்டிப் பாக்கலாம். அந்த ஸ்பேனர குடு," என்று வசந்த் குனிந்தபடியே வலது கையை நீட்டினான்.

நீட்டிய கையின் மேலேயே ஸ்பேனர் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வரப்புவரை கேட்டது. வசந்த் அலறிக்கொண்டு தலையால் முட்டினான். சம்பத்தின் உதடு கிழிந்தது. ரத்தம் வாய்க்குள் போனதும் அவனுக்கு வெறி கூடிவிட்டது. தம்பியைக் கீழே தள்ளி, மார்பில் முட்டி போட்டு, அதே கையை மண்ணில் வைத்து இரண்டாம் முறை அடித்தான். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது, அலறல் கேட்டு ஓடி வந்த அவன் பெண்டாட்டி சோபனா பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்துச் சாய்த்தாள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அதற்கப்புறம்தான் கால் வந்தது.

"உள்ள இன்னா போட்டிருக்கான்னு எல்லாரும் பாருங்க!" சம்பத் எழுந்து மூடியைத் திருகினான். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். உள்ளே சுத்தமான பெட்ரோல்.

வரப்புக் கூச்சலில் முன்பு காதில் விழாத அந்தச் சத்தம், மண்ணில் கிடந்த வசந்த்துக்கு இப்போது கேட்டது. "மூடில ஒரு சின்ன ஓட்ட இருக்கும்ணா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "அது வழியா காத்து போனாத்தான் பெட்ரோல் எறங்கும். அடச்சிருக்கு பாரு."

சம்பத் மூடியை நகத்தால் சுரண்டினான். ஓட்டை நிறையக் காய்ந்து இறுகிக் கிடந்தது அவன் காலையில் அப்பிய சந்தனம். அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. தம்பியின் விரல்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடந்தன. அந்தக் கை இல்லாமல் அவன் எந்த மெஷினில் தோல் வெட்டுவான்?

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சம்பத் அழுதான். 

"கை எப்படி இப்படி ஆச்சு?" என்று நர்ஸ் கேட்டதும் சம்பத் முந்திக்கொண்டான். "களை மெஷின்ல மாட்டிகிச்சிம்மா. புது மெஷினு, கோளாறு."

வசந்த் அண்ணனைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவனை அண்ணா என்று தவிர வேறு விதமாகச் சொல்லாதவன்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது," என்றான். "இவன் அடிச்சான். எழுதிக்கோங்க."