ஃபார்மலின் ஊற்றாத குடுவை

அன்றைக்கு ஜானவியின் கண் முழுக்கக் கலைச்செல்வியின் மேஜையில்தான் இருந்தது.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி லேப். சிஜி மிஸ் முந்தின நாளே சொல்லிவிட்டார்: கிளைசின் டைட்ரேஷனில் யாருடைய அளவு சரியாக வருகிறதோ, அவளுக்குத்தான் ஆராய்ச்சி நிலையத்தில் கோடைக்கால இடம். ஒரே ஒரு இடம். ஸ்ரீவராகம் தெருவிலிருந்து வரும் ஜானவிக்கு அது தனக்கென்றே ஒதுக்கியது போல நினைப்பு. இரண்டு வருஷமும் அவள்தானே முதல்? ஆனால் சாலைக் கடைத்தெருவில் சாக்குக்கடை வைத்திருக்கும் திரவியத்தின் மகள் கலைச்செல்வி இந்த வருஷம் முந்திக்கொண்டு வருகிறாள். அவளுடைய பதறாத கை, மிஸ் அவளை மட்டும் மகளைப் போல “மோளே” என்று கூப்பிடுவது, எல்லாமே ஜானவிக்கு எரிந்தது.

கலைச்செல்வி ஃபார்மலினை எடுத்தாள். அதில் கொஞ்சம் அமிலம் கலந்திருக்கும். முதலில் காரம் விட்டு அதைச் சரிக்கட்ட வேண்டும். அவளோ அப்படியே குடுவையில் ஊற்றிவிட்டாள். இனி அளவு தப்பாகத்தான் வரும்! ஜானவி வாயே திறக்கவில்லை. குஷியோடு, காரம் நிரப்பிய தன் பியூரெட் குழாயைத் திறந்தாள். குடுவையில் இளம் பிங்க் தெரிந்ததும் மூடிவிட வேண்டும்; நிறம் அடர்ந்தால் அளவு தப்பு.

அரை மில்லிதான் இறங்கியிருக்கும். குடுவை பிங்க் ஆகிவிட்டது.

“எந்தா ஜானவி, அதுக்குள்ள முடிஞ்சாச்சா? ஃபார்மலின் ஊத்தினியா?” என்றார் மிஸ்.

ஊற்றவில்லை. மறந்தே போயிருந்தாள்.

“கலைச்செல்வி, நீ சொல்லு மோளே. ஏன் இப்படி ஆச்சு?”

“கிளைசின் ஆசிடுந்தான், பேஸுந்தான் மிஸ். ஒரு முனை புரோட்டானக் குடுக்கும், மறு முனை அத வாங்கி வச்சுக்கிடும். லேசுல விடாது. ஃபார்மலின் அந்த முனையப் பிடிச்சுக்கிட்டாத்தான் புரோட்டான் காரத்துக்குக் கெடைக்கும்.” பிறகு ஜானவியிடம் தன் பீக்கரை நீட்டினாள். “பயப்படாதட்டீ. இப்ப ஊத்தினாலும் மதி, போதும். பிங்க் போயிரும், மேல பண்ணு.”

“இத நீ நியூட்ரலைஸே பண்ணலையேடீ!”

சொன்ன பிறகுதான் ஜானவி நாக்கைக் கடித்தாள்.

“காலையிலயே வந்து மொத்த பாட்டிலையும் பி.ஹெச். மீட்டர் வச்சு சரிபண்ணியாச்சு. எல்லாருக்குஞ் சேத்துத்தான்.” கலைச்செல்வி அவளை உற்றுப் பார்த்தாள். “அப்ப நான் தப்பு பண்ணுதேன்னு நெனச்சுட்டுத்தான் சும்மா நின்னியோ?”

ஜானவி வாங்கி ஊற்றினாள். பிங்க் மறைந்தது. மறுபடி பியூரெட்டைத் திறந்தாள். மூடுவதற்குள் கூடுதலாக இறங்கி, குடுவை அடர் ரோஸாகிவிட்டது. கலைச்செல்வியின் அளவு சரியாக வந்தது; கோடைக்கால இடத்துக்கு மிஸ் அவள் பெயரை எழுதினார்.

“என் குடுவைய நோக்கின நேரம் ஒன் குடுவைய நோக்கியிருக்கலாம்லா?” என்றாள் கலைச்செல்வி.

அப்போதும் ஜானவி பார்த்துக்கொண்டிருந்தது கலைச்செல்வியின் குடுவையைத்தான். எவ்வளவு இளசான பிங்க்!